யூனிட்டும் சாம்பலும்: வீட்டு மின்சாரத்தில் நம் அமானிதம்



2023 கோடையில் சகோதரி ஒருவர் தம் ஈ.பி. பில்லை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். "போன தடவை 1665 ரூபாய் வந்துச்சு. இந்தத் தடவை 2190 வந்திருக்கு. மீட்டர்ல ஏதோ கோளாறு. ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தோம். போன தடவை 490 யூனிட். இந்தத் தடவை 530 யூனிட். கூடியது 40 யூனிட்தான். பணமோ 525 ரூபாய் கூடியிருந்தது.

மீட்டரில் கோளாறு இல்லை. 500 யூனிட் என்ற கோட்டை அந்த வீடு தாண்டிவிட்டது, அவ்வளவுதான். வெயில் கடுமையாக இருந்ததால் கைக்குழந்தை இருக்கும் அறையில் இரவு முழுவதும் இரண்டு மின்விசிறிகள் ஓடியிருக்கின்றன. பகலில் யாரும் இல்லாத கூடத்திலும் ஒன்று ஓடியிருக்கிறது. அந்தச் சகோதரிக்கு மனு எழுதித் தரவில்லை. கணக்கைத்தான் எழுதிக் காட்டினோம். அந்தக் கணக்கையும், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய கணக்கையும் இந்த மாதப் பாடமாகப் படிப்போம்.

500 யூனிட் கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தின்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக, சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1725 ரூபாய்.

500-ஐத் தாண்டினால் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. ஒன்று, தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். இது பலருக்கும் தெரியும். மற்றொன்று பலருக்குத் தெரியாது: 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலை போய்விடும், அந்த 100 யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு கட்ட வேண்டும். அதில் மட்டும் 225 ரூபாய் கூடுகிறது. இதனால் 510 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 2030 ரூபாய். கடைசிப் பத்து யூனிட்டுக்காக 305 ரூபாய்!

2024 ஜூலையில் இந்த விலைகள் சற்று ஏறின. படிகளின் அமைப்பும் 500 என்ற கோடும் மாறவில்லை. நாள்கூலிக்குத் துறைமுகத்துக்கோ, லாரி ஷெட்டுக்கோ, காசிமேட்டுக்கோ போகும் ஒருவருக்கு 305 ரூபாய் என்பது வீட்டின் ஒரு நாள் சாப்பாடு. ஆகவே கரண்டைச் சிக்கனம் செய்வது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த யூனிட் எங்கிருந்து வருகிறது?

சென்னையின் மற்ற பகுதிகளில் இருப்பவர்களுக்கு மின்சாரம் சுவிட்சில் தொடங்குகிறது. வடசென்னையில் இருக்கும் நமக்கு அது புகைபோக்கியில் தொடங்குகிறது. திருவொற்றியூரில் மாடி ஏறினால் தெரியும். 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1830 மெகாவாட் திறனோடு இயங்குகிறது. அதன் பக்கத்திலேயே 2024 மார்ச்சில் மேலும் 800 மெகாவாட் அலகு திறக்கப்பட்டது. வல்லூரில் 1500 மெகாவாட். இவை எல்லாம் நிலக்கரியில் ஓடுபவை.

ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும், சாம்பல்தான். நம் நாட்டு மின்சாரம் முழுவதும் நிலக்கரியில் வருவதில்லை. காற்றாலையும் சூரிய ஒளியும் அணுமின்சாரமும் சேர்ந்தே வருகின்றன. என்றாலும் அளவு புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 யூனிட்டும் நிலக்கரியில் வந்தால், 350 கிலோ எரிகிறது. ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் ஏழு மூட்டை. அதில் நூறு கிலோவுக்கு மேல் சாம்பலாக மிஞ்சுகிறது. இது ஒரு வீட்டின் இரண்டு மாதக் கணக்கு.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது? தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளங்களுக்கு அனுப்புகிறார்கள். செப்பாக்கம் கிராமம் அந்தக் குளத்தை ஒட்டியே இருக்கிறது. குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் சாம்பல் படிந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் இறாலும் நண்டும் பிடித்த இடங்கள் சாம்பல் சேறாயின. அதற்காக அவர்கள் பல ஆண்டுகளாக நீதிமன்றப் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தூசி இடம் மாறியது, குறையவில்லை

இராயபுரம், தண்டையார்பேட்டைப் பெரியவர்களுக்கு இன்னொரு காலமும் நினைவிருக்கும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறங்கிய காலம். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலையில் கறுத்துவிடும். தொட்டித் தண்ணீரில் கரி படியும். பிள்ளைகளுக்கு இருமல் விடாது. மக்கள் போராடினார்கள்; வழக்கு நடந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2011 அக்டோபர் முதல் அந்தச் சரக்குகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. இராயபுரம் மூச்சு விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நிலக்கரி குறையவில்லை. நம் வாசலிலிருந்து பதினைந்து, இருபது கிலோமீட்டர் வடக்கே போயிற்று. அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம் அண்டை வீட்டார்தான். தூசியை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குத் தள்ளுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை ஆகாது. எரிக்கும் நிலக்கரி குறைந்தால்தான் தூசி உண்மையில் குறையும்.

வெப்பமும் கடலும்

சாம்பல் கண்ணுக்குத் தெரியும். நிலக்கரி எரியும்போது வரும் கரியமில வாயு தெரியாது. ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. அது பூமியின்மேல் போர்வை போலப் படர்ந்து, சூடு வெளியேறாமல் தடுக்கிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்பிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் 2024-ஆம் ஆண்டு உலகம் 1.5 டிகிரிக்கும் மேல் சூடாக இருந்தது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

நம் கரைக்கு இது இரட்டைச் சோதனை. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்கள் கட்டப்பட்டதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் அரித்தது. கரை நெடுக இன்று கருங்கல் கொட்டி வைத்திருப்பது அதனால்தான். ஏற்கெனவே அரிக்கப்படும் கரையில் கடல் மட்டமும் உயர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை கொட்டும்போது கடுமையாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாம் பார்த்தோம். ஆந்திரக் கரையைத்தான் அது கடந்தது. ஆனாலும் இரண்டு நாள் மழையில் சென்னை மூழ்கியது. மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகமெங்கும் பரவியது. வீட்டுச் சுவரிலும், படகிலும், வலையிலும் கறுப்பு எண்ணெய். மீனவர்களே படகில் போய் அதைக் கையால் அள்ளினார்கள். ஒரு புயலுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் சூடான கடலும், ஆலைகள் சூழ்ந்த கரையும் ஒன்று சேர்ந்தால் அடி யார்மேல் விழும் என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

"தவறு செய்தவர்கள் வேறு; சிக்கனம் நமக்கா?"

இந்தக் கேள்வி நியாயமானது. நம் தெருக்களில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. மின் நிலையங்களின் மின்சாரம் நகரம் முழுவதற்கும் போகிறது. பெரிய ஆலைகளும் வணிக வளாகங்களும் ஒரு நாளில் இழுப்பதை நம் வீடு பல ஆண்டுகளில்கூட ஓட்டாது. சாம்பலை மூடிய குழாயில் அனுப்புவதும், கழிமுகத்தைச் சுத்தம் செய்வதும், எண்ணெய் கசியாமல் பார்ப்பதும் ஆலைகளின் கடமை, அரசின் கடமை. நாம் ஒரு விளக்கை அணைப்பதால் அந்தக் கடமை அவர்களை விட்டு நீங்காது. அதைக் கேட்கும் உரிமையும் நம்மை விட்டு நீங்காது. மீனவச் சகோதரர்கள் நீதி கேட்கும்போது அவர்களோடு நிற்பதும் நம் கடமையே.

ஆனாலும் மற்றவர் கடமை தவறினார் என்பதற்காக நம் கடமை குறைந்துவிடாது. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் ஏழாவது அத்தியாயத்தில் படிக்கிறோம். அங்கே பணக்காரர், ஏழை என்று பிரிக்கவில்லை. பயன்படுத்துவதைத் தடுக்கவும் இல்லை. பயன்பாட்டுக்கும் விரயத்துக்கும் நடுவே ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. குழந்தை தூங்கும் அறையில் ஓடும் விசிறி பயன்பாடு. காலியான கூடத்தில் ஓடும் விசிறி விரயம். அந்தக் கோட்டை நாம்தான் நம் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிக்கனம் என்று சொல்லி வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் விசிறியை நிறுத்திவிடாதீர்கள். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் காற்று உயிர் காக்கும் பொருள். அது விரயமே அல்ல.

வீட்டில் எங்கே போகிறது?

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் எல்லாக் கணக்கும் போடலாம்.

மின்விசிறி: பழைய விசிறி சுமார் 75 வாட். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட். இப்போது கடைகளில் பி.எல்.டி.சி. என்று கேட்டால் கிடைக்கும் விசிறி 30 வாட்டை ஒட்டியே எடுக்கும். அதே நேரத்துக்கு 27 யூனிட். ஒரு விசிறியில் 40 யூனிட் மிச்சம். அந்தச் சகோதரியின் வீட்டில் கூடியதும் அதே 40 யூனிட்தான்! விலை அதிகம் என்பதால் எல்லா விசிறியையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஒன்றை முதலில் மாற்றுங்கள்.

ஏ.சி.: ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். அது ஒன்றே கோட்டின் அருகே கொண்டுபோய்விடும். 24 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். 26-இல் வைத்து, விசிறியை மெதுவாகச் சுற்ற விட்டால் குளிர்ச்சி போதும். நம் பகுதியில் தூசியும் உப்புக்காற்றும் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டியைக் கழுவுங்கள்.

ஃபிரிட்ஜ்: சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்பக்கச் சூடு வெளியேற இடம் வேண்டும். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடிப் பாருங்கள். தாள் எளிதாக உருவி வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். சூடான குழம்பை ஆற வைத்த பிறகு உள்ளே வையுங்கள்.

விளக்கு: சோக் வைத்த பழைய ட்யூப் லைட் 50 வாட்டை ஒட்டி எடுக்கும். எல்.இ.டி. ட்யூப் 20 வாட். வெளிச்சம் குறையாது.

டி.வி., செட்டாப் பாக்ஸ்: ரிமோட்டில் அணைத்தால் முழுதாக அணையாது. 10 வாட் எடுக்கும் பெட்டி சும்மா இருபது மணி நேரம் கிடந்தால் இரண்டு மாதத்தில் 12 யூனிட். சுவர் சுவிட்சை அணையுங்கள்.

மோட்டார், இஸ்திரிப் பெட்டி: தொட்டி நிரம்பி வழியும் வரை மோட்டாரை மறப்பது தண்ணீருக்கும் கரண்டுக்கும் சேர்ந்த விரயம். இஸ்திரியைத் தினம் ஒரு சட்டைக்குச் சூடாக்காமல் வாரத்துணியை ஒன்றாகத் தேயுங்கள்.

கேஸும் எரிபொருள்தான். கடலை, பருப்பை இரவே ஊற வைப்பது, மூடி போட்டுச் சமைப்பது, விசில் வந்ததும் தணலைக் குறைப்பது ஆகியவை நம் பாட்டிமார் சொன்னவையே. நோன்புக் கஞ்சிக்கும் இது பொருந்தும்.

சொந்த வீடும் மொட்டை மாடியும் உள்ளவர்கள் சூரிய மின்தகடு பற்றி யோசிக்கலாம். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். நம் பகுதித் தூசியில் தகட்டை அடிக்கடி துடைக்காவிட்டால் அவ்வளவு கிடைக்காது.

பள்ளிவாசலில்

ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. திறந்து விட்ட குழாயில் ஒரு நிமிடத்தில் ஐந்து, ஆறு லிட்டர் போய்விடும்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு? காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய ஆலை, நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் கொண்டது. இப்படிப்பட்ட ஆலைகளில் 1000 லிட்டர் எடுக்க 3 முதல் 4 யூனிட் செலவாகும். உளூச் செய்யும் 200 பேர் ஆளுக்கு ஐந்து லிட்டர் மிச்சப்படுத்தினால் ஒரு வக்துக்கே 1000 லிட்டர் மிச்சம். குழாயைப் பாதி திறந்தால் போதும்.

தொழுகை முடிந்ததும் எல்லா விசிறியும் விளக்கும் அணைந்தனவா என்று பார்க்க, ஒவ்வொரு வக்துக்கும் ஓர் இளைஞரை ஜமாஅத்தார் நியமிக்கலாம்.

வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை

இதைச் சொல்லாமல் பாடம் நிறைவு பெறாது. ஒரே இணைப்பில் இரண்டு, மூன்று குடித்தனங்களை வைத்து, உள்மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு 8, 10 ரூபாய் என்று வாங்கும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கு 100 யூனிட் இலவசம் போய்ச் சேருவதில்லை. எல்லோருடைய யூனிட்டும் ஒரே மீட்டரில் கூடி 500-ஐத் தாண்டுவதால் சலுகை விலையும் கிடைப்பதில்லை. நாலு யூனிட் மிச்சம் பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒரே உயர்ந்த விலையைக் கட்டுகிறார்கள். சிக்கனத்தைப் பற்றி அவர்களிடம் எந்த முகத்தோடு பேசுவது?

முடிந்தவர்கள் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு வாங்கிக் கொடுங்கள். அதுவரை, வந்த பில்லைக் காட்டி, அவரவர் ஓட்டிய யூனிட்டின்படி மட்டும் பங்கு பிரியுங்கள். அளவையில் குறை வைக்காதிருப்பது தராசுக்கு மட்டுமல்ல, மீட்டருக்கும்தான்.

இந்த ஜும்ஆவிலிருந்து

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்; அவர்கள் ஆர்வமாகச் செய்வார்கள். வாரத்துக்கு 58 யூனிட்டுக்குள் இருந்தால் இரண்டு மாதம் 500-க்குள் முடியும். ஒரு வாரம் 70 போனால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பில் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. அந்தச் சகோதரியும் இப்படித்தான் தொடங்கினார். கூடத்து விசிறியை அணைத்தார். குழந்தையின் அறை விசிறியில் கைவைக்கவில்லை. அடுத்த பில் 500-க்குள் வந்தது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ஸதகாவாக ஒதுக்கினால், வெயிலில் தகரக் கூரையின் கீழ் தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒரு நல்ல விசிறி வாங்கிக் கொடுக்க முடியும்.

குடும்பத்தோடு அமர்ந்து பேச

1. நம் வீட்டில் கடைசியாக வந்த பில்லில் எத்தனை யூனிட்? 500-க்கு எவ்வளவு தூரம்?
2. நம் வீட்டில் பயன்பாடு எது, விரயம் எது? மூன்று மூன்று சொல்லுங்கள்.
3. இராயபுரத்தில் கரித்தூசி நின்றபோது எண்ணூரில் என்ன ஆனது? அண்டை வீட்டார் கடமையை இதில் எப்படிப் புரிந்துகொள்கிறோம்?
4. நம் வீட்டில் யாருக்கு விசிறியும் விளக்கும் கட்டாயம் தேவை? அவர்களுக்குக் குறை வராமல் எங்கே குறைக்கலாம்?

இந்தப் பூமியும் கடலும் காற்றும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் பெற்ற கரையை, பெற்றதைவிட மோசமாக்காமல் நம் பிள்ளைகளிடம் கொடுக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.